பூட்டு யாருக்கு?
(சாஃப்ட்வேர் விற்பனையில் ஒரு தப்புக் கணக்கு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டதும், செயற்கை நுண்ணறிவு பற்றி எழுதுகிறேன் என்று துள்ளிக் குதித்துச் சொன்னேன். "அதுக்கு ஏற்கெனவே நாலு பேர் பேர் கொடுத்துட்டாங்கடா, வேற ஏதாவது எழுது" என்று அவர் கையை விரித்துவிட்டார். சரி, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது நான் செய்த ஒரு தப்பு. அதைத்தான் எழுதப் போகிறேன்.

இரண்டாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் நானும் நண்பன் ஒருவனும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்கு இன்பிளான்ட் டிரெயினிங் போனோம். பெயர் வேண்டாம். மாடியில் ஒரு அறை, நான்கு கம்ப்யூட்டர், நான்கு பேர். கடைகளுக்கு ஜி.எஸ்.டி. பில் போடும் சாஃப்ட்வேர் எழுதி, ஒன்று ஆறாயிரம் ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். நல்ல சாஃப்ட்வேர்தான். ஆனால் முதலாளிக்கு ஒரே மனக்குறை. "நாம வித்தது இருநூறு. ஓடிக்கிட்டிருக்கிறது ஆயிரம். எண்ணூறு பேர் பென் டிரைவ்ல காப்பி போட்டு ஓட்டுறான். ஒரு பூட்டு மட்டும் போட்டுட்டா அத்தனை பேரும் நம்மகிட்டதான் வரணும். விற்பனை அஞ்சு மடங்கு!" என்பார்.

அந்தப் பூட்டில் ஒரு பகுதியை எழுதும் வேலை எங்கள் இருவருக்கும் வந்தது. கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் எண்ணைப் படித்து, முதல் தடவை பதிவான எண்ணோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் புரோகிராமை நிறுத்திவிட வேண்டும். மூன்று வாரம் ராப்பகலாக எழுதினோம். வேலை செய்தது. என்னமோ செயற்கைக்கோளையே விட்டுவிட்டதுபோல எங்களுக்குப் பெருமை!

டிரெயினிங் முடிய நான்கு நாள் இருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு ஒரு மளிகைக் கடையிலிருந்து போன். முதலாளி வெளியூர்க் கல்யாணத்தில் இருந்தார், போனை எடுக்கவில்லை. என்னை அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால், அண்ணாச்சியின் ஹார்டு டிஸ்க் அன்று காலை பழுதாகி, புதிது மாட்டியிருக்கிறார். நாங்கள் எழுதிய பூட்டு, தன் கடமையைத் தவறாமல் செய்து, புரோகிராமை நிறுத்தி வைத்திருந்தது! கடை நிறையக் கூட்டம். அண்ணாச்சி பழைய பில் புக்கை எடுத்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் திட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்:

"தம்பி, எதிர்க்கடைக்காரன் காப்பி போட்டு ஓட்டுறான். அவனுக்கு நிக்கல. காசு குடுத்து, ரசீது வாங்கி வச்சிருக்கிற எனக்குத்தான் நிக்குது. இது என்ன கணக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு முதலாளியிடம் போனில் பேசி, பூட்டைத் திறந்துவிட்டு வந்தேன். ஆனால் "இது என்ன கணக்கு?" என்ற கேள்வி மட்டும் என்னை விடவே இல்லை. படித்துப் பார்த்தேன். இது எங்கள் முதலாளி மட்டும் போட்ட கணக்கல்ல, உலகின் பெரிய பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகளே போட்டு ஏமாந்த கணக்கு என்று தெரிந்தது. வாருங்கள், அதைப் பிரித்துப் பார்ப்போம்.

திட்டம் என்ன?

முதலாளியின் திட்டத்தில் மூன்று படிகள் இருக்கின்றன. ஒன்று, காப்பி எடுத்தவன் ஒவ்வொருவனும் நாம் இழந்த ஒரு வாடிக்கையாளன். இரண்டு, பூட்டுப் போட்டால் காப்பி நிற்கும். மூன்று, காப்பி நின்றால் அவர்கள் எல்லோரும் காசு கொடுத்து வாங்குவார்கள். கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! ஆனால் மூன்று படியிலும் ஓட்டை இருக்கிறது.

இந்தப் புலம்பல் ஒன்றும் புதிதல்ல. 1976 பிப்ரவரியில், அப்போது இருபது வயதே ஆன பில் கேட்ஸ், கம்ப்யூட்டரைப் பொழுதுபோக்காக வைத்திருந்தவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் என்ற கம்ப்யூட்டருக்காக அவரும் நண்பர்களும் எழுதிய பேசிக் மொழியைப் பலரும் பயன்படுத்துகிறார்கள், ஆனால் ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவானவர்களே அதை வாங்கியிருக்கிறார்கள், வந்த காசைக் கணக்குப் பார்த்தால் எங்கள் உழைப்புக்கு மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை என்பது அவருடைய வருத்தம். வருத்தம் நியாயமானதே. உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா?

ஆனால் மைக்ரோசாஃப்ட் பின்னால் எப்படிப் பணம் பார்த்தது என்பதைக் கவனியுங்கள். காப்பி எடுத்தவர்களைத் துரத்திப் பிடித்து அல்ல. கம்ப்யூட்டர் தயாரிக்கும் கம்பெனிகளிடமே நேராகப் போய், "உங்கள் மெஷினோடு எங்கள் சாஃப்ட்வேரையும் சேர்த்துக் கொடுங்கள்" என்று உரிமத்தை விற்றார்கள். 1970-களின் கடைசியில் பேசிக் அப்படித்தான் பல மெஷின்களுக்குள் போனது. 1981-ல் ஐ.பி.எம். பி.சி.க்கு டாஸ் போனதும் அப்படித்தான். காசு கொடுக்கக்கூடியவர் யார் என்று தேடிப் போனார்கள், கிடைத்தது!

முதல் ஓட்டை: காப்பி எடுத்தவன் எல்லாம் வாடிக்கையாளனா?

நம் ஹாஸ்டலையே எடுத்துக்கொள்வோம். கல்யாண மண்டபத்தில் இலவசமாக ஐஸ்கிரீம் கொடுத்தால் நாம் ஆளுக்கு எத்தனை கப் சாப்பிடுவோம்? நான் நான்கு கப் சாப்பிட்டவன். அதே ஐஸ்கிரீம் கப் ஐம்பது ரூபாய் என்று போர்டு வைத்திருந்தால்? ஒன்றுகூட வாங்கியிருக்க மாட்டேன். அப்படியென்றால் ஐஸ்கிரீம்காரருக்கு என்னால் இருநூறு ரூபாய் நஷ்டம் என்று சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

ஆனால் சாஃப்ட்வேர் உலகில் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதி வந்தார்கள். பி.எஸ்.ஏ. என்று பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகளின் கூட்டமைப்பு ஒன்று உண்டு. திருட்டுக் காப்பிகளின் எண்ணிக்கையைச் சாஃப்ட்வேரின் விலையால் பெருக்கி, ஆண்டுதோறும் அறிக்கை விடுவார்கள். 2008-ம் ஆண்டுக்கான அறிக்கையில் உலகம் முழுவதும் 5,300 கோடி டாலர் "இழப்பு" என்று போட்டார்கள். அடுத்த ஆண்டுக்கான அறிக்கையில் அந்தத் தொகைக்கு வைத்த பெயர் மாறியது. "இழப்பு" போய், "வணிக மதிப்பு" வந்தது. சொல் ஒன்றுதான் மாறியது. ஆனால் அந்த ஒரு சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. பொருளின் விலை வேறு, விற்றவன் இழந்தது வேறு!

அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகக் கணக்குப் பார்க்கும் ஜி.ஏ.ஓ. என்ற அரசு அமைப்பும் 2010 ஏப்ரலில் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. காப்பியாலும் போலிப் பொருளாலும் ஏற்படும் நஷ்டத்தைச் சரியாக அளப்பது மிகக் கடினம், காப்பி கிடைக்காமல் போனால் எத்தனை பேர் அசலை வாங்குவார்கள் என்ற அனுமானத்தைப் பொறுத்தே கணக்கு முழுவதும் மாறிவிடும் என்பது அதன் சாரம். நூற்றுக்கு நூறு என்று வைத்தால் ஒரு தொகை, நூற்றுக்கு ஐந்து என்று வைத்தால் இருபதில் ஒரு பங்கு. எங்கள் முதலாளி நூற்றுக்கு நூறு என்று வைத்துக்கொண்டார். யாரையும் கேட்டு வைக்கவில்லை, ஆசைப்பட்டு வைத்தார்!

இரண்டாம் ஓட்டை: பூட்டு யாரைத் தடுக்கிறது?

வீட்டுப் பூட்டுக்கும் சாஃப்ட்வேர் பூட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஒரு திருடன் என் வீட்டுப் பூட்டை உடைத்தால், உங்கள் வீட்டுப் பூட்டு அப்படியே இருக்கும். அடுத்த வீட்டையும் அவன் உடைத்துத்தான் ஆக வேண்டும். சாஃப்ட்வேரில் அப்படி இல்லை. உலகத்தில் எங்கேயோ ஒரு கெட்டிக்காரன் ஒரே ஒரு தடவை உடைத்தால் போதும், அந்த உடைந்த பிரதி எல்லோருக்கும் போய்விடும். காப்பி எடுப்பவன் பூட்டைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. தினமும் பூட்டோடு மல்லுக்கட்டுகிறவர் யார்? காசு கொடுத்தவர்தான்!

1983 ஜனவரியில் லோட்டஸ் 1-2-3 என்ற ஸ்பிரெட்ஷீட் வந்தது. விலை 495 டாலர். அதன் ஃபிளாப்பியைச் சாதாரணமாக டாஸில் காப்பி எடுக்க முடியாதபடி செய்திருந்தார்கள். புரோகிராமை ஆரம்பிக்கும்போது அசல் ஃபிளாப்பி டிரைவில் இருந்தாக வேண்டும். ஹார்டு டிஸ்க் வைத்திருந்தாலும் ஃபிளாப்பி வேண்டும். ஃபிளாப்பியில் பூஞ்சை பிடித்துவிட்டால்? காசு கொடுத்தவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். இன்னொரு பக்கம், இப்படிப்பட்ட ஃபிளாப்பிகளைக் காப்பி எடுப்பதற்கென்றே 'காப்பி டூ பி.சி.' என்ற சாஃப்ட்வேர் கடையில் விற்றது! பூட்டு விற்கிற தெருவிலேயே சாவியும் விற்ற கதை. வாடிக்கையாளர்களின் முணுமுணுப்பு வளர்ந்து, 1980-களின் முடிவுக்குள் பெரிய வணிக சாஃப்ட்வேர் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஃபிளாப்பிப் பூட்டைக் கைவிட்டன.

"அதெல்லாம் ஃபிளாப்பி காலம்" என்கிறீர்களா? 2008-க்கு வருவோம். அந்த ஆண்டு செப்டம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி 'ஸ்போர்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை வெளியிட்டது. எழுதியது அதன் மேக்ஸிஸ் பிரிவு. அதில் செக்யூரோம் என்ற பூட்டு. விளையாட்டை இன்டர்நெட் வழியாக உயிர்ப்பிக்க வேண்டும், மொத்தம் மூன்று கம்ப்யூட்டர்களுக்கு மேல் முடியாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் கம்பெனிக்குப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டும். அமேசான் தளத்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டியவர்கள் சில நாட்களிலேயே இரண்டாயிரத்தைத் தாண்டினார்கள். ஒரு வழக்கும் போட்டார்கள். கம்பெனி மூன்றை ஐந்தாக உயர்த்தியது.

சரி, காப்பியாவது நின்றதா? விளையாட்டு வெளியானபோதே பூட்டு உடைந்த பிரதியும் இன்டர்நெட்டில் உலவியது. டோரன்ட் வழியாக நடக்கும் இறக்கங்களைக் கணக்கெடுக்கும் ஒரு செய்தித் தளம், அந்த ஆண்டில் மிக அதிகமாகத் திருடப்பட்ட விளையாட்டு ஸ்போர்தான், சுமார் 17 லட்சம் தடவை, என்று மதிப்பிட்டது. இதைவிட ஒரு பூட்டுக்கு என்ன அவமானம் வேண்டும்? உடைந்த பிரதியில் மூன்று கம்ப்யூட்டர் கட்டுப்பாடு கிடையாது, போன் போட வேண்டியதில்லை. அதாவது, காசு கொடுத்தவர் கையில் இருந்ததைவிடத் திருடியவன் கையில் இருந்தது நல்ல சரக்கு! அண்ணாச்சி கேட்டது இதைத்தானே?

மூன்றாம் ஓட்டை: எது நடந்தாலும் பூட்டே சரி!

இந்தத் திட்டத்தின் பெரிய வேடிக்கை, இது தோற்கவே தோற்காது என்பதுதான். பூட்டுப் போட்டு விற்பனை நன்றாக நடந்தால், "பார்த்தாயா, பூட்டு வேலை செய்கிறது" என்பார்கள். விற்பனை படுத்துவிட்டால், "பார்த்தாயா, திருட்டு எவ்வளவு பெருகிவிட்டது, இன்னும் பெரிய பூட்டுப் போடு" என்பார்கள். மழை பெய்தாலும் ஜோசியர் சொன்னது சரி, பெய்யாவிட்டாலும் சரி என்பதுபோல!

நேர்மையாகச் சொல்ல வேண்டும். பூட்டோடு வந்த லோட்டஸ் அமோகமாக விற்றது. பூட்டோடு வந்த ஸ்போர் மூன்று வாரத்துக்குள் பத்து லட்சத்தைத் தாண்டியது. ஆனால் அது பூட்டினால் நடந்ததா, பூட்டையும் மீறி நடந்ததா? லோட்டஸை ஜனங்கள் வாங்கியது அதன் வேகத்துக்காக. பூட்டுக்காக ஒருவரும் வாங்கவில்லை. நம் லேபில் ஒரு சர்க்யூட்டைச் சோதிக்கும்போது ஒரே நேரத்தில் இரண்டு பாகத்தை மாற்றினால் எது காரணம் என்று சொல்ல முடியாது, ஒவ்வொன்றாக மாற்று என்றுதானே சார் சொல்வார்? வியாபாரத்திலும் அதே விதிதான்.

அப்படி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் ஓரளவுக்கு அருகில் வரும் உதாரணம் ஒன்று உண்டு. 2013 மார்ச்சில் அதே எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதே மேக்ஸிஸ், நகரம் கட்டும் விளையாட்டான 'சிம்சிட்டி'யின் புதிய பதிப்பை வெளியிட்டார்கள். தனியாக விளையாடினாலும் இன்டர்நெட் இணைப்பு எப்போதும் இருந்தாக வேண்டும் என்று வைத்தார்கள். இது பூட்டு அல்ல, ஆட்டத்தின் கணக்கீடுகளில் கணிசமானவை எங்கள் சர்வரில் நடக்கின்றன என்பது கம்பெனியின் வாதம். முதல் நாளிலிருந்தே சர்வர்கள் திணறின. காசு கொடுத்தவர்கள் ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல விளையாடக் காத்துக் கிடந்தார்கள். அமேசான் அதன் டவுன்லோட் விற்பனையைக் கொஞ்ச நாள் நிறுத்தியே வைத்தது. அந்த மாதமே ஒருவர் புரோகிராமில் சிறு மாற்றம் செய்து, இணைப்பு இல்லாமலும் ஊரைக் கட்டலாம் என்று காட்டிவிட்டார். ஓர் ஆண்டு கழித்து 2014 மார்ச்சில், இணைப்பு இல்லாமல் தனியாக ஆடும் வசதியைக் கம்பெனியே கொடுத்தது. ஆனால் போன நல்ல பெயர் போனதுதான்.

2015 மார்ச்சில் பின்லாந்து நாட்டின் கொலாஸல் ஆர்டர் என்ற சின்னக் கம்பெனி 'சிட்டிஸ்: ஸ்கைலைன்ஸ்' என்று இன்னொரு நகரம் கட்டும் விளையாட்டைக் கொண்டுவந்தது. எழுதியவர்கள் சுமார் 13 பேர்தான். இணைப்பு இல்லாமலே ஆடலாம். ஆடுகிறவர்கள் தாங்களே புதிய கட்டடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் 24 மணி நேரத்தில் இரண்டரை லட்சம், சுமார் ஒரு மாதத்தில் பத்து லட்சம் விற்றது. இதற்கு முழுக் காரணமும் பூட்டு இல்லாததுதான் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நானும் அதே தப்பைச் செய்தவனாவேன்! ஆனால் "பூட்டு இல்லாவிட்டால் யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள்" என்ற பேச்சு பொய் என்பதற்கு இது போதும்.

நாளைய வாடிக்கையாளர் எங்கே?

மூன்று ஓட்டையும் போதாதென்று, இந்தக் கணக்கில் ஓர் ஆளையே காணோம். அவர் வேறு யாருமில்லை, நாம்தான்! இன்று காசில்லாத மாணவன், நாளைக்கு ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று சிபாரிசு செய்யப் போகிறவன்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. 1983 இறுதியில் போர்லேண்ட் கம்பெனி 'டர்போ பாஸ்கல்' என்ற கம்பைலரை வெளியிட்டது. எழுதியவர் ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க், கம்பெனியை நடத்தியவர் பிலிப் கான். மற்ற கம்பைலர்கள் சில நூறு டாலர் விற்ற காலத்தில் இதன் விலை 49 டாலர் 95 சென்ட். பூட்டுக் கிடையாது. உரிம நிபந்தனையும் மிக எளிது. இதை ஒரு புத்தகம்போல நினைத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டுமானாலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் பயன்படுத்தலாம், ஒரு புத்தகத்தை ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு இடத்தில் படிக்க முடியாது என்பதுபோல, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் ஓட்டாதீர்கள் என்றார்கள். ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். போர்லேண்ட் பெரிய கம்பெனியானது இந்தச் சின்ன விலையில்தான்.

யோசித்துப் பாருங்கள். மற்றவர்கள் "காப்பி எடுப்பதைக் கஷ்டமாக்குவோம்" என்று யோசித்தபோது, போர்லேண்ட் "வாங்குவதைச் சுலபமாக்குவோம்" என்று யோசித்தது. ஒரு மேனுவலை ஜெராக்ஸ் எடுத்து, ஃபிளாப்பி தேடி அலைவதைவிட ஐம்பது டாலர் கொடுப்பது சுலபம் என்ற நிலை வந்தால் யார்தான் வாங்க மாட்டார்கள்? அதே வரிசையில் 1987-ல் வந்ததுதான் டர்போ சி. அந்த நீலத் திரையைப் பற்றி நம் சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்!

1976-ல் கோபமாகக் கடிதம் எழுதிய அதே பில் கேட்ஸ், 1998-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் பேசும்போது சீனாவைப் பற்றிச் சொன்னது இன்னொரு வேடிக்கை. அங்கே இப்போது சாஃப்ட்வேருக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, ஒரு நாள் கொடுப்பார்கள், திருடுவதாக இருந்தால் எங்களுடையதைத் திருடட்டும், பழகிவிடுவார்கள், வசூல் செய்வது எப்படி என்று பிறகு பார்த்துக்கொள்வோம் என்ற பொருளில் பேசினார். இருபத்திரண்டு ஆண்டில் கணக்கு எப்படி மாறியது பாருங்கள்!

அப்படியானால் திருடலாமா?

கூடாது. இதைப் படித்துவிட்டு யாராவது "அப்ப காப்பி போடுறது தப்பில்லடா" என்று கிளம்பினால் அதற்கு நான் பொறுப்பல்ல! மூன்று வாரம் ராப்பகலாக புரோகிராம் எழுதிப் பார்த்தவன் நான். அடுத்தவன் உழைப்பை ஓசியில் எடுப்பது தப்புதான். ஆனால் "திருட்டு தப்பா?" என்பது ஒரு கேள்வி, "பூட்டினால் விற்பனை கூடுமா?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தவுடனே இரண்டாவதுக்கும் ஆமாம் என்று எழுதிவிடுவதுதான் எங்கள் முதலாளி செய்ததும், நான் செய்ததும்.

பூட்டுக்கும் ஓரளவு பயன் உண்டு, மறுக்கவில்லை. டெனுவோ என்ற விளையாட்டுப் பூட்டைப் பற்றி 2024-ல் ஓர் ஆய்வு வெளியானது. பூட்டு வெகு சீக்கிரமே உடைந்துபோனால், திருட்டே இல்லாத நிலையோடு ஒப்பிட, மொத்த வருமானத்தில் சராசரியாக 20 சதவீதம் குறைகிறது என்றும், குறைந்தது 12 வாரம் தாக்குப்பிடித்தால் இழப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றும் அது சொல்கிறது. ஆக, முதல் சில வாரத்திலேயே பெரும்பகுதி விற்றுவிடும் சரக்குக்குப் பூட்டு கொஞ்சம் உதவலாம். ஆனால் அப்போதும் பேச்சு 20 சதவீதம் பற்றித்தான். ஐந்து மடங்கு பற்றி அல்ல! வருடக்கணக்கில் கடையில் ஓடப்போகும் பில் சாஃப்ட்வேருக்கு அதுகூடப் பொருந்துமா என்பது சந்தேகமே.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

காலேஜ் திறந்ததும் ஒரு ராத்திரி உட்கார்ந்து, எங்கள் முதலாளியின் திட்டத்தைப் பேப்பரில் போட்டேன். நம் எல்லோருக்கும் தெரிந்த கூட்டல் கழித்தல்தான்.

முதலாளி கணக்கு: 800 பேர் x ரூ.6,000 = ரூ.48 லட்சம் வரவு.

என் கணக்கு: பூட்டு வந்தால் தினமும் யாருக்காவது நிற்கும். போன் எடுக்க, நேரில் போக, இரண்டு பேர் வேண்டும். மாதம் ரூ.15,000 என்றாலும் இரண்டு பேருக்கு ஆண்டுக்கு ரூ.3,60,000. அண்ணாச்சி மாதிரி வெறுத்துப்போய், நாளை நமக்குச் சொந்தத்தில் நாலு பேரிடம் சொல்லி விற்பனையைக் கெடுப்பவர்களால் ஆண்டுக்கு இருபது விற்பனை போகிறது என்று வைப்போம். ரூ.1,20,000. மொத்தச் செலவு ரூ.4,80,000. இதை ஆறாயிரத்தால் வகுத்தால் 80.

அதாவது, காப்பி ஓட்டுகிற எண்ணூறு பேரில் எண்பது பேராவது புதிதாக வாங்கினால்தான் போட்ட காசே திரும்ப வரும். நூற்றுக்குப் பத்துப் பேர். அதற்கு மேல் வந்தால் லாபம், குறைந்தால் நஷ்டம். ஆக, திட்டம் முழுவதும் ஒரே ஒரு எண்ணில் தொங்குகிறது. அந்த எண்ணைத்தான் யாரும் விசாரிக்கவே இல்லை!

பேப்பரை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "எண்பது பேர் வருவானா?" என்றார். "தெரியல சார்" என்றேன். "எனக்கும் தெரியலடா. கேட்டுப் பார்த்துட்டா என்ன?" என்றார்.

காப்பி ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்த பத்துக் கடைகளுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானும் நண்பனும் நடந்தோம். சண்டைக்குப் போகவில்லை, டீ குடித்துக்கொண்டே பேசினோம். பத்துப் பேரில் ஐந்து பேர், "நின்னுபோனா கையால எழுதிக்குவேன், இல்லேன்னா மருமகன் வேற ஒண்ணு கொண்டாந்து போட்டுத் தருவான்" என்றார்கள். ஒருவர் வாங்குவதாகச் சொன்னார். மற்ற நான்கு பேர் சொன்னதுதான் எங்களை யோசிக்க வைத்தது. "ஆறாயிரத்தை மொத்தமா எப்படிப்பா குடுக்கிறது? மாசாமாசம்னா தரலாம். ஆனா வரி மாறினா வந்து சரிபண்ணிக் குடுக்கணும்" என்றார்கள். காசு கொடுக்க மனமில்லாதவர்கள் என்று நாங்கள் நினைத்தவர்களில் நான்கு பேர், கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அவர்கள் கேட்டது வேறு விதமான விற்பனை.

பத்துக் கடையை வைத்து ஊரையே அளந்துவிட முடியாதுதான். ஆனால் ஒரு கடையைக்கூடக் கேட்காமல் போட்ட கணக்கைவிட இது மேல் அல்லவா? முதலாளி பழைய வாடிக்கையாளர்களுக்குப் பூட்டை எடுத்துவிட்டார். மாதத் தவணையும், வரி மாறினால் வந்து சரிசெய்து தருவதும் சேர்ந்த புதிய திட்டம் ஒன்றை ஆரம்பித்திருக்கிறார். ஜெயிக்குமா என்று இப்போதே சொல்ல முடியாது. ஒரு வருடம் ஓடட்டும்.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை எங்கேயோ ஒரு மாடி அறையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதப் போகிறோம். சிலர் முதலாளியாகவும் ஆவீர்கள். விற்பனை குறைகிறது என்றவுடன் யாராவது வந்து, "இதைத் தடுத்தால் போதும், அத்தனை பேரும் நம்மிடம் வருவார்கள்" என்று ஒரு திட்டம் நீட்டுவார். அப்போது இரண்டே இரண்டு கேள்வி கேளுங்கள். "அத்தனை பேரும் என்பது எத்தனை பேர், யாரைக் கேட்டீர்கள்?" என்பது ஒன்று. "இதனால் கஷ்டப்படப் போவது யார், நமக்குக் காசு கொடுக்காதவரா, கொடுத்தவரா?" என்பது இன்னொன்று.

போன மாதம் அந்த மளிகைக் கடைப் பக்கம் போனேன். பில் கம்ப்யூட்டரில்தான் வந்தது. ஆனால் பக்கத்தில் அந்தப் பழைய பில் புக்கும் பேனாவும் தயாராக இருந்தன. "இன்னும் எதுக்கு அண்ணாச்சி இது?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இருக்கட்டும் தம்பி. உங்களை நம்பினாலும் ஒண்ணு கைவசம் இருக்கட்டும்."



- மூன்றாம் ஆண்டு மாணவன், கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் பிரிவு